ஈரத்தைத் தேடியதுதான் பிழை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவுக்குப் போன மாதம் குடும்பத்தோடு குடிவந்தோம். இரவு நன்றாக ஓடிய கிணற்று மோட்டார் காலையில் வெறுமனே சுற்றியது. குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் ஓடும்; மறுநாள் மீண்டும் அதே தொல்லை. கிணற்றில் நீர் இறங்கிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. குழாய் நெடுக ஈரக் கசிவு தேடினேன், எங்கும் இல்லை. குழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வை மாற்றியும் பயனில்லை. நான்கு நாள் வீணாயிற்று.

பிறகுதான் கவனித்தேன்: தொட்டியில் விழும் தண்ணீர் பால்போல் வெளுத்து, சற்று நேரத்தில் தெளிந்தது. காற்றுக் குமிழிகள்! மோட்டார் ஓடும்போது உறிஞ்சு குழாயின் ஓட்டையில் தண்ணீர் கசியாது; காற்றுதான் உள்ளே போகும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன். மோட்டாரை ஒட்டிய யூனியனில், அதாவது குழாய்களைச் சேர்க்கும் திருகு இணைப்பில், நுரை உள்ளே இழுபட்டது. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதியது போட்டு இறுக்கினேன். பத்து நாளாகத் தண்ணீர் தடையில்லாமல் வருகிறது, அம்மாவுக்கும் நிம்மதி.