சேலத்திலிருந்து லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

பெங்களூரில் மதியம் 1:00-க்குக் கிளம்பி மாலை 6:30-க்கு லண்டனில் இறங்கும் என்று விமான டிக்கெட்டில் போட்டிருந்தால், ஐந்தரை மணி நேரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். உண்மைக் கணக்கைப் போட செல்போன் கால்குலேட்டர் போதும்.

படி 1: கூகுள் மேப்ஸில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். பெங்களூர் 13.20, 77.71. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் 51.47, −0.46. மைனஸ் என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே.

படி 2: தூரம். தட்டையான மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரிவராது, பூமி உருண்டை. கால்குலேட்டரில் சைன், காஸ் பட்டன்களைத் திறந்து, டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2284 × 0.7823 = 0.1787. தீர்க்கரேகை வித்தியாசம் 77.71 + 0.46 = 78.17 (மைனஸைக் கழித்தால் கூட்டல் ஆகிவிடும், இங்கேதான் பலர் சறுக்குவார்கள்). அட்சரேகைகளின் காஸ் இரண்டையும், இந்த வித்தியாசத்தின் காஸையும் பெருக்குங்கள்: 0.9736 × 0.6229 × 0.2050 = 0.1243. இரண்டையும் கூட்டினால் 0.3030. அதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பட்டன்) 72.36 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 8,050 கி.மீ.

படி 3: மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் ஒன்பதரை மணி நேரம். ஏற, இறங்க அரை மணி சேர்த்தால் பத்து. போகும்போது மேலைக்காற்று எதிரே அடிப்பதால் நேரம் கூடும், திரும்பும்போது குறையும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதே, அதுபோன்ற சமயங்களில் சுற்றிப் போகிற தூரமும் சேரும்.

குட்டிப் பயணத்துக்கு இந்தச் சூத்திரம் உதவாது. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 160 கி.மீ. வகுத்தால் பதினோரு நிமிடம் வரும்! ஏறி இறங்குவதிலேயே அது போய்விடும். பறப்பதும் வேகம் குறைந்த ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானம்.

படி 4: லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் 5:30 மணி நேரம் பின்னே, கோடையில் 4:30. குளிர்கால டிக்கெட்டில் ஐந்தரையோடு ஐந்தரை சேர்த்தால், ஆக 11 மணி நேரம்.

படி 5: நம்ம ஊர்க் கணக்கு. விமான நிலையம் பெங்களூரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில். தொப்பூர் கணவாயில் லாரி ஏதாவது மடங்கி நின்றால் அங்கேயே ஒரு மணி நேரம் போகும். ஓசூர் தாண்டி நகர நெரிசல் வேறு. நான் சாலைக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஒதுக்குவேன். 1:00 மணி விமானத்துக்கு 10:00-க்கே உள்ளே இருக்க வேண்டும், ஆகவே சேலத்தில் விடிகாலை 4:00-க்கு வண்டி எடுங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இருட்டில் இறங்க வேண்டும், 3:00 மணி.