இடித்தவர் போய்விட்டார், கார் பட்டறையில் நிற்கிறது: கிளைமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாம்பரம் பக்கம் ஒரு பட்டறையில் இன்சூரன்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஒரு தம்பி வந்தார். பெருங்களத்தூர் சிக்னலில் நின்றிருந்த காரைத் தண்ணீர் லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டது. டிக்கிக் கதவு உள்ளே போயிருந்தது, பம்பர் இரண்டு துண்டு. "எஸ்டிமேட் போடலாமா?" என்றேன். "வேண்டாம்ண்ணே, தப்பு லாரி மேல. அவங்க இன்சூரன்ஸ்தானே கொடுக்கணும்? பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். மூன்று வாரம் ஆகியும் கார் நின்ற இடத்திலேயே நின்றது, பின் கண்ணாடிக்குப் பதில் பாலித்தீன் தாளோடு. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸ் காலாவதி, பாலிசியைப் புதுப்பிக்க மறந்தது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. விட்டுவிடுகிறேன்.

எதிராளியின் இன்சூரன்ஸுக்காகக் காத்திருப்பது

நியாயப்படி இடித்தவர்தான் கொடுக்க வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த லாரியின் கம்பெனிக்கு நீங்கள் வாடிக்கையாளர் இல்லை. போன் போட்டு, நாலு படம் அனுப்பிப் பணம் வாங்கிவிட முடியாது. எஃப்.ஐ.ஆர். வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, டிரைவரின் தவறை நிரூபிக்க வேண்டும். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் இழுக்கும்.

உங்கள் பாலிசியில் ஓ.டி., அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு இருந்தால், தப்பு யார் மேல் என்ற கேள்விக்காக உங்கள் கிளைம் காத்திருக்க வேண்டியதில்லை. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேர்வதை மட்டும் பார்க்கும் பாலிசி வைத்திருப்பவருக்குத்தான் தீர்ப்பாயத்தை விட்டால் வழி இல்லை.

என் கதை ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில். இடித்தது ஒரு வேன். "சார், ஸ்டேஷன் எல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்று 3,000 ரூபாயைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். முதல் வாரம் போனை எடுத்தார். இரண்டாம் வாரம் ஊருக்குப் போயிருந்தார். மூன்றாம் வாரம் சுவிட்ச் ஆஃப். 26-ம் நாள் என் கம்பெனியில் கிளைம் போட்டேன். முதல் கேள்வியே "ஏன் சார் இத்தனை நாள்?" சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பிய சர்வேயர் துருப் பிடித்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இது பழைய அடி மாதிரி இருக்கே" என்றார். எஸ்டிமேட் 41,000, கைக்கு வந்தது 22,000 சொச்சம். அந்த மூவாயிரத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டது. சரிதான். தள்ளுபடி செய்யாமலே விளக்கம், கூடுதல் விளக்கம் என்று மாதக்கணக்கில் இழுக்கலாமே.

எல்லோரும் தயங்குவது நோ கிளைம் போனஸுக்காக, அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காக ஓ.டி. பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்காக. தப்பே செய்யாதவருக்கும் கிளைம் போட்டால் அது போய்விடும், உண்மைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓ.டி. பிரீமியம் 8,000, இப்போதைய போனஸ் 35 சதவீதம் என்று வைப்போம். அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 45 போய் பூஜ்யம் ஆகும். அதற்கப்புறம் 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி 50-ஐத் தொடுவதற்குள் மொத்த நஷ்டம் 9,600 ரூபாய், வரி தனி. பத்தாயிரத்துக்குள் முடிகிற டிங்கர் வேலையா, கைக்காசு போட்டுச் செய்துகொள்ளுங்கள். 40,000 ரூபாய் வேலைக்கு இந்தத் தயக்கம் எதற்கு?

சர்வேக்கு முன்னால் வண்டியைப் பிரிப்பது

கூடாது.

போனிலேயே துரத்துவது

கம்பெனியைக் கேட்டால் சர்வே ரிப்போர்ட் வரவில்லை என்பார்கள். சர்வேயரைக் கேட்டால் பட்டறை எஸ்டிமேட் தரவில்லை என்பார். பட்டறையில் அப்ரூவல் வரவில்லை என்போம். (ஆமாம், நாங்களும்தான். ஸ்பேர் வராததை மறைக்க அது நல்ல சாக்கு.) மூன்றும் வாய்ப்பேச்சு. கிளைம் எண்ணைப் போட்டு ஒரே மெயிலில் மூன்று பேரையும் சேருங்கள். கேள்வி ஒன்றுதான்: எந்தத் தாளுக்காக நிற்கிறது, அதைத் தர வேண்டியவர் யார்? 2024 விதிப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் ரிப்போர்ட் தர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை வாங்குவது கம்பெனியின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. இந்த நாட்களையும் மெயிலில் எழுதிவிடுங்கள்.

காயம்பட்டும் ஸ்டேஷனுக்குப் போகாமலிருப்பது

வண்டிக்குச் சேதம் என்றால் பெரும்பாலும் ஸ்டேஷனில் புகாரைப் பதிந்து தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வேலை முடியும். ஆளுக்குக் காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும், இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் 6 மாதக் கெடு இருக்கிறது.

"முழுமையான, இறுதித் தொகை" என்ற தாள்

இதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் தாள் இது. தொகையில் உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேலே போகத் தயங்குவது

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், ஐ.ஆர்.டி.ஏ.வின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அங்கே உங்கள் சொந்தக் கம்பெனி மேல்தான் புகார் கொடுக்க முடியும். லாரிக்காரரின் கம்பெனி மேல் முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் அந்தத் தம்பி கிளைம் பாரம் கேட்டார்.