ஆமை முட்டைக்குக் காவல் இருக்கப் போகிறவர்களுக்கு

கல்லூரி இரண்டாம் வருட விடுமுறை முழுவதையும் பெசன்ட் நகர் கடற்கரையில், மூங்கில் கூடைகளைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். ஒவ்வொரு கூடைக்கு அடியிலும் நூறு சொச்சம் ஆமை முட்டைகள். "நானும் போகலாமா, என்ன செய்யணும்?" என்று அதற்குப் பிறகு பலர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

முதலில் காலக் கணக்கு. சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி. பேரில்தான் பங்குனி, ஜனவரியிலேயே முட்டையிடக் கரையேற ஆரம்பித்துவிடும். ஏப்ரலில் ஓய்ந்துவிடும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள். ஆகவே கோடை விடுமுறைக்கு வருகிறவருக்குத் தாய் ஆமை கண்ணில் படுவது அதிர்ஷ்டம், குஞ்சு நிச்சயம். தாயைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் முன்னதாகவே இரவு நடைகளுக்கு வந்துவிடுங்கள். ஸ்டூடண்ட்ஸ் சீ டர்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற மாணவர் அமைப்பு 1988 முதல் இந்தக் கரையில் ஆமை முட்டை தேடி இரவில் நடந்துகொண்டிருக்கிறது. நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், மணலில்.

தனியாகப் போய் முட்டையைத் தோண்டாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் ஆமை இருக்கிறது. முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காவல் காக்கிற இந்த வேலையை வனத்துறை அனுமதி உள்ளவர்களோடுதான் செய்ய முடியும். நல்ல எண்ணம் எல்லாம் கணக்கில் வராது.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை, தண்ணீர், சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய டார்ச், ஒரு பென்சில். பேனா வேண்டாம்; ஈரக் காற்றில் தாள் நனைந்து மை ஊறிவிடும். போகிற நாளில் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிடுங்கள். நான் முதல் வாரம் தூங்காமல் போய், விடியற்காலை மூன்று மணிக்கு நடந்துகொண்டே கனவு கண்டேன்.

அப்புறம் தடம் பார்ப்பது. இதற்குத்தான் பழக்கம் வேண்டும். பங்குனி ஆமை இடது, வலது என்று துடுப்பை மாற்றி மாற்றி ஊன்றி ஏறும். மணலில் காற்புள்ளிகள் முன்னும் பின்னுமாக விழுந்ததுபோல இருக்கும். பேராமை, அதாவது பச்சை ஆமை, இரண்டு துடுப்பையும் ஒன்றாக ஊன்றுவதால் அதன் தடம் ஜோடி ஜோடியாக விழும். ஏறின தடம் ஒன்று, இறங்கின தடம் ஒன்று, நடுவில் மணல் கலைந்த இடம்: அங்கே முட்டை இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். நாய் குரைத்தாலோ வெளிச்சம் பட்டாலோ முட்டையிடாமலே திரும்பிவிடும். நான் முதல் நாள் "தடம், தடம்" என்று கத்தி எல்லாரையும் ஓடவைத்தேன். அது ரோந்து வண்டியின் டயர் தடம்.

கலைந்த இடத்தில் கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் கம்பு நிற்கும். முட்டைக்குழிக்கு மேல் மட்டும் இளகி இறங்கும். அந்தக் கம்பைப் புதியவர்கள் தொடக் கூடாது. ஒரு அழுத்து கூடிப்போனால் முட்டை உடையும். குழி கழுத்து குறுகி வயிறு பெருத்த பானைபோல இருக்கும், ஆழம் ஒன்றரை அடி. குப்புறப் படுத்துக்கொண்டு கையைத் தோள்வரை விட்டால்தான் கடைசி முட்டை எட்டும்.

முட்டை பிங்பாங் பந்து அளவு. ஓடு கெட்டியாக இருக்காது, அழுத்தினால் தோல்போலக் குழியும். நான் ஆர்வத்தில் இரண்டு கையாலும் அள்ளினேன். காவலுக்கு இருந்த குப்பத்து அண்ணன் பின்னாலிருந்து, "இன்னா தம்பி, மாங்கா பறிக்கிறியா?" என்றார். ஐந்தைந்தாக எண்ணி, குலுக்காமல், உருட்டாமல் பையில் வைக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கத்தில் மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். எடுத்த இரவே பொரிப்பகத்தில் புதைப்பது அதனால்தான். பையைத் தோளில் போட்டு வீசி நடக்காதீர்கள். தூங்குகிற குழந்தையை எப்படித் தூக்குவீர்களோ, அப்படி.

பொரிப்பகம் என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வேலி போட்ட மணல் திடல், அவ்வளவுதான். அதே பானை வடிவக் குழியைக் கையால் தோண்டி, முட்டையை வைத்து மூடி, சீட்டில் எண், தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை எழுதிக் குத்தி வைக்க வேண்டும். பொரிக்கிற நாள் நெருங்கும்போது குழியின்மேல் கூடையைக் கவிழ்க்க வேண்டும். பகல் முழுக்க எறும்பு, நண்டு, நாய் வராமல் பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் மணல் கொதிக்கும்; கீற்றுப் பந்தல் போட்டோம். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரிக்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெண் அதிகம். சூடு ரொம்ப ஏறினால் இரண்டுமே இல்லை, முட்டை வெந்துவிடும்.

பொரிக்கப் போகிற குழி முன்கூட்டியே லேசாக உள்வாங்கும். கீழே குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு அசைய அசைய மேல் மணல் சரியும். அதைப் பார்த்ததும் தோண்டி உதவலாமே என்று கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவை ஒன்றையொன்று உந்திக்கொண்டு தாமாகவே மேலே வரும், மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில். அரை மணிக்கு ஒருமுறை கூடைகளைப் பார்த்து வந்தால் போதும்.

வந்தவற்றை எண்ணி உடனே விட வேண்டும். காலையில் ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று வாளியில் வைத்திருந்தால், கடலில் நீந்த வேண்டிய பலத்தை வாளியைச் சுரண்டியே தீர்த்துவிடும். அலைக்குள் கொண்டுபோய் விடாதீர்கள். சில மீட்டர் தள்ளி மணலில் விட்டு நடக்கவிடுங்கள். பின்னால் இருக்கிற தெருவிளக்கை நோக்கிச் சில குஞ்சுகள் திரும்பும். கடல் பக்கம் நம் ஆள் ஒருவர் டார்ச்சோடு நின்றால் திரும்பி வரும். கூட்டத்தை அலைக்கும் குஞ்சுக்கும் நடுவில் வரவிடாமல் நிறுத்துவதுதான் நிஜமான கஷ்டம். செல்போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லி நான் கெஞ்சியதுபோல எந்தத் தேர்விலும் மார்க்குக்குக் கெஞ்சியதில்லை.

இரண்டொரு நாள் கழித்து அந்தக் குழியைத் தோண்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: நாற்றம் குடலைப் புரட்டும். கையுறை போட்டுக்கொண்டு காலி ஓடு எத்தனை, கரு பிடிக்காதது எத்தனை, பாதியில் செத்தது எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். எனக்கு முதல் குழியில் இட்டது 118, கூட்டிப் பார்த்தால் வந்தது 121. திரும்ப எண்ணினேன். உடைந்த ஓடுகளின் துண்டுகளைத் தனித்தனி முட்டையாக எண்ணியிருக்கிறேன். பாதிக்கு மேல் இருக்கிற ஓட்டை மட்டும் எண்ணுங்கள்.

செத்து ஒதுங்குகிற பெரிய ஆமைகளையும் பார்ப்பீர்கள். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், இழுவலையில் மாட்டி மேலே வந்து மூச்சு விட முடியாவிட்டால் மூழ்கிவிடும். உயிரோடு ஒதுங்கினதை, பாவமே என்று மறுபடி கடலில் தள்ளாதீர்கள். துடுப்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. நிழல் கொடுத்து, மூக்கை விட்டுவிட்டு ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இதைச் சாக்காக வைத்துக் குப்பத்து ஆட்களுக்கு உபதேசம் செய்யப் போகாதீர்கள். எனக்குத் தடம் காட்டியதே அவர்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது பேசிப் பாருங்கள், எங்கே எந்த மாதம் ஆமை கூடும் என்று அவர்களே சொல்வார்கள்.

என் கடைசிக் குழி 54-ஆம் நாள் பொரித்தது, விடியற்காலை நாலரைக்கு. பார்க்க யாரும் இல்லை, அண்ணனும் நானும்தான். 97 குஞ்சு. எழுதிக்கொண்டு, வேலியைப் பிரித்தோம். கூடைகளை மணலும் உப்பும் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து அடுக்க வேண்டும். அடுத்த ஜனவரிக்கும் அதே கூடைகள்தான்.