மாடலிங் வாக்ஸில் ஆக்லூஷன் ரிம் செய்வது எப்படி? முதன்முதலாக மெழுகைத் தொடுபவர்களுக்கு

முழு பல்செட் செய்யும்போது பல் அடுக்குவதற்கு முன், ஈறில் பொருந்தும் பேஸ் (அடித்தட்டு) மேல் மெழுகால் ஒரு மேடு கட்டுவோம். அதுதான் ஆக்லூஷன் ரிம். பற்கள் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், உதடு எவ்வளவு நிறைந்து தெரிய வேண்டும் என்பதையெல்லாம் இந்த மெழுகை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். மெழுகு கோணினால் அந்த அளவுகளும் கோணும்.

முதலில் ஒரு சோதனை

ரிம்மைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து வையுங்கள். இரண்டு இன்லே வாக்ஸ் (உலோக வார்ப்பு வேலைக்கான மெழுகு) குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தீயில் சட்டென்று காட்டி, வளையும் பதம் வந்ததும் லாடம் போல வளையுங்கள். இன்னொன்றை 50 டிகிரி சூடுள்ள நீரில் 15 நிமிடம் போட்டு வைத்து, உள்வரை இளகியபின் அதே அளவுக்கு வளையுங்கள். இரண்டின் முனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு, சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். நாளைக்குப் பார்ப்போம்.

மெழுகைத் தேர்ந்தெடுப்பது

நாம் எடுக்கப்போவது இளஞ்சிவப்புத் தகடாக வரும் மாடலிங் வாக்ஸ். இதில் முக்கால் பங்கு பாரஃபின் அல்லது செரசின் என்ற கனிம மெழுகு. மீதி தேன்மெழுகு, கர்னௌபா, பிசின் போன்றவை. பாரஃபின் மட்டும் என்றால் செதுக்கும்போது உதிரும். தேன்மெழுகு கொஞ்சம் ஒட்டும் தன்மை தருகிறது. கர்னௌபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், சிறிதளவு சேர்த்தாலே கலவை கெட்டிப்படும்.

இந்த மெழுகில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை உண்டு. வெப்ப நாடுகளில் வாயில் வைத்துப் பார்ப்பதற்காக உள்ளது கடின வகை. நம் ஊர் வெயிலுக்கு அதையே வாங்குங்கள்.

பேஸைத் தயார் செய்வது

செல்ஃப் க்யூர் (சூடாக்காமல் தானே இறுகும்) அக்ரிலிக் பேஸை காஸ்ட் (நோயாளியின் வாய் அச்சில் வார்த்த ஜிப்சம் மாதிரி) மேல் வைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. ரிட்ஜ் (பல் இல்லாத ஈறு மேடு) வரும் இடத்தைக் கத்தியால் சற்றுக் கீறிச் சொரசொரப்பாக்கி, ஈரமில்லாமல் துடையுங்கள். ஈரம் இருந்தால் மெழுகு ஒட்டாது.

சூடாக்குவது

தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மெழுகு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தீயில் பிடித்தால் மேல்புறம் உருகிச் சொட்டும், நடுப்பகுதி இன்னும் விறைப்பாகவே இருக்கும். அந்த நிலையில் வளைத்தால் உள்ளே அழுத்தம் தங்கிவிடும். பிறகு அது மெல்ல மெல்ல வெளியேறும்போது வடிவம் மாறிவிடும்.

ஸ்பிரிட் லாம்ப் தீக்கு மேலே தகட்டை அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் காட்டி, எடுத்து, சில நொடி பொறுத்து, மறுபக்கம் காட்டுங்கள். உருகுநிலைக்குச் சில டிகிரி கீழேயே மெழுகின் படிக அமைப்பு மாறி, வெடிக்காமல் உதிராமல் வளையும் பதத்துக்கு வந்துவிடும். தகடு தன் எடையிலேயே தொய்ந்து, மேலே சொட்டு உருகாமல் இருந்தால் அதுதான் பதம். கை பழக நாலைந்து தகடு வீணாகும், ஆகட்டும். லாம்ப் எரியும்போது ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உருட்டி ஒட்டுவது

இளகிய தகட்டை ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருளுக்குள் காற்று சிக்கினால் பின்னால் செதுக்கும்போது பொந்து தெரியும். சுருளை லாட வடிவில் வளைத்து ரிட்ஜ் மேல் வைத்து அழுத்துங்கள். சூடான வாக்ஸ் கத்தியை மெழுகுக்கும் பேஸுக்கும் நடுவே விட்டு, உருகிய மெழுகு ஓடி அடையுமாறு உள்ளும் புறமும் சுற்றி வாருங்கள்.

அளவுக்குக் கொண்டுவருவது

மேல் ரிம் முன்பக்கம், சல்கஸின் (உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம்) ஆழத்திலிருந்து விளிம்பு வரை ஏறக்குறைய 22 மி.மீ. உயரம். கீழ் ரிம் முன்பக்கம் 18 மி.மீ. அகலம் முன்னால் 5, கடைவாய்ப் பக்கம் 8 முதல் 10 மி.மீ. மேல் ரிம்மின் முன்முகம் உதட்டுப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். கீழ் ரிம்மின் பின்பகுதி ரெட்ரோமோலார் பேட் (கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னுள்ள மெத்தைத் திசு) உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்து முடியட்டும். இவை தொடங்குவதற்கான அளவுகள். நோயாளியின் முகத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார்.

அகலமான தகட்டுக் கரண்டியைச் சூடாக்கி மேல்தளத்தைச் சமமாக்குங்கள். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் எங்கும் இடைவெளி தெரியக்கூடாது. கடைசியாகத் தீயை மேலோட்டமாகக் காட்டி, ஈரப் பஞ்சால் தேய்த்தால் பளபளக்கும்.

பத்திரப்படுத்துவது

பல் மருத்துவத்தில் புழங்கும் பொருள்களில் சூட்டுக்கு மிக அதிகமாக விரிவது மெழுகுதான். படிக்கும் காலத்தில் ஒரு மே மாதம், முடித்த ரிம்மை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் சரிந்திருந்தது. அன்றிலிருந்து காஸ்டை விட்டுக் கழற்றாமல், நிழலான இடத்தில்தான் வைக்கிறேன். முடிந்தவரை அடுத்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற மெழுகுகள்

ஸ்டிக்கி வாக்ஸில் பிசின் அதிகம். உடைந்த பல்செட் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க உதவும். ஆறியபின் வளையாது, நகர்ந்தால் பட்டென்று ஒடியும். அந்த முறிவே துண்டு இடம் மாறியதைக் காட்டிக்கொடுக்கும். பாக்ஸிங் வாக்ஸ், அளவெடுத்த அச்சைச் சுற்றி வேலி கட்டி ஜிப்சம் ஊற்றுவதற்கு. இன்லே வாக்ஸில், பல்லுக்கு உலோகத் தொப்பி வார்ப்பதற்கான மாதிரியைச் செதுக்குவார்கள். அது சூட்டில் எரிந்து போகும்போது மிச்சம் 0.1 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது என்பது தரவிதி. பல் அடுக்கி முடித்து அக்ரிலிக் அடைப்பதற்கு முன், நம் மாடலிங் வாக்ஸையும் கொதிநீரால் முழுக்கக் கழுவி வெளியேற்ற வேண்டும். பல்லின் அடியில் மெழுகுப் படலம் தங்கினால் பல் அக்ரிலிக்கோடு சேராமல் பிறகு கழன்று வரும்.

மறுநாள் அந்த இரண்டு லாடங்களையும் எடுத்து முனைகளை அளந்து பாருங்கள். தீயில் அவசரமாக வளைத்தது கூடுதலாக விரிந்திருக்கும். இரண்டு எண்களையும் உங்கள் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.