ஜெனரல்ஸ் ஆட்டத்தை இப்போது ஆடத் தொடங்குவது எப்படி

2003-இல் வந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்: ஜெனரல்ஸ்' என்ற கணினிப் போர் வியூக ஆட்டத்தை, அதே ஆண்டு வெளியான 'ஜீரோ ஹவர்' விரிவாக்கத்தோடு சேர்த்தே நிறுவுங்கள், தரப்புக்கு மூன்று பேராக, நாம் தேர்ந்தெடுத்து ஆடும் ஒன்பது தளபதிகளும் அதில்தான் வருகிறார்கள். விண்டோஸ் 10-இல் திறந்த உடனே மூடிக்கொள்கிறதா? டாக்குமெண்ட்ஸில் ஆட்டத்தின் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ்.ஐஎன்ஐ (Options.ini) என்ற அமைப்புகள் ஃபைல் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம், நீங்களே ஒன்றை உருவாக்கி வைத்துவிடலாம்.

சரி, ஆட்டத்தில் மோதும் மூன்று தரப்புகளைப் பார்ப்போம், முதலில் அமெரிக்கா. ஹம்வீ வண்டியில் ஏவுகணை வீரர்களை ஏற்றினால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து டாங்கிகளைச் சுடுவார்கள். சீனா மெதுவான தரப்பு. ஆனால் ஓவர்லார்டு டாங்கியின் தலையில் கேட்லிங் துப்பாக்கியைப் பொருத்திப் பாருங்கள், அப்புறம் தெரியும். வரைபடத்தில் பணத்துக்காகச் சேகரிக்கும் சரக்கு தீர்ந்த பிறகும் ஹேக்கர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பணம் சம்பாதிப்பார்கள். மூன்றாம் தரப்பான ஜிஎல்ஏ என்ற பயங்கரவாதப் படைக்கோ மின்சாரமே வேண்டாம், சுரங்கத்தில் நுழைந்து வரைபடத்தின் மறுகோடியில் முளைக்கலாம். இப்படி மூன்று தரப்பும் மூன்று விதமாக இருப்பதற்காகவே நான் இன்னும் இதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எரிச்சல், படைகள் தாமாக வழி தேடிப் போவதில்தான். குறுகலான பாலத்தில் இருபது டாங்கிகளை மொத்தமாக அனுப்பினால் முட்டிக்கொண்டு நிற்கும், ஐந்தைந்தாகத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு ஒரு எண் விசையை அழுத்தித் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து அனுப்புங்கள். கணினி எதிராளியும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப வருவான், காவலை அங்கேயே கட்டுங்கள்.