"முதலில் விடட்டும், அப்புறம் பார்க்கலாம்": ஊசிப் போதையும் எச்.ஐ.வி.யும், நாம் செய்யும் தவறுகள்

ஊசி வழியாக ஹெராயின் போன்ற போதையை ஏற்றிக்கொள்பவருக்கு என்ன செய்யலாம் என்று பேச்செடுத்தால், வீட்டிலும் சரி, சில மருத்துவமனைகளிலும் சரி, முதலில் வரும் பதில் இதுதான்: "முதலில் அந்தப் பழக்கத்தை விடட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்." எச்.ஐ.வி. பரிசோதனை, புது ஊசி, மாத்திரை எல்லாம் அந்த 'அப்புறம்' வரிசையில் போய் நின்றுவிடும். ஆனால் விடுவதற்கு முந்தைய நாள் போட்ட ஓர் ஊசியிலேயே தொற்று வந்துவிடலாம்.

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சிரிஞ்ச் கிடைக்காமல் செய்துபார்த்தார்கள். கடைகளில் விற்பனை நின்றது, கையில் இருந்ததைப் போலீஸ் பிடுங்கியது. பழக்கம் ஒழியவில்லை, மிஞ்சிய ஊசிகள் பல கைகள் மாறின. அங்கே ஒரு கிளினிக்குக்கு வந்த ஹெராயின் பழக்கமுள்ள 164 பேரைப் பரிசோதித்து 1986-ல் வெளியிட்ட ஆய்வில், 51 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது.

"என் ஊசியை யாருக்கும் கொடுப்பதில்லை" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் தூளைக் கரைத்த மூடி ஒன்று, வடிகட்டிய பஞ்சு ஒன்று, ஊசியை அலசிய தண்ணீர் ஒரே டம்ளர். எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் சி இந்த வழியில் எளிதாகப் பரவும். பிளீச்சில் கழுவுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். அது புது ஊசிக்கு ஈடாகாது.

அடுத்தது, பத்து நாள் அட்மிட் பண்ணினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. மூக்கொழுகல், கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் அடங்கியதும் "தெளிந்துவிட்டான்" என்று வீட்டுக்கு அழைத்துவருவார்கள். உண்மையில் ஆபத்தான நாட்கள் அவைதான். உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும், மனம் பழைய அளவையே கேட்கும். அந்த ஒரு ஊசியில் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்து வெளியே வருபவருக்கும் இதே கதைதான். ஹெராயின் அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் மருந்தான நலாக்சோன் வீட்டில் இருக்க வேண்டும், கொடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். கண் விழித்துவிட்டார் என்று ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நலாக்சோனின் வேலை முடிந்த பிறகும் போதை மருந்து உடலில் மிச்சம் இருக்கலாம்.

ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவ மேற்பார்வையில் தரும் மெத்தடோன், பியூப்ரநார்ஃபின் மருந்துகள் என்றதும் "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பார்கள். இரண்டையும் உலக சுகாதார அமைப்பு 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கும் அவஸ்தை நின்றால் ஊசியின் தேவையும் குறையும். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே நடக்கும் தவறு, பயந்து பயந்து குறைந்த டோஸ் கொடுப்பதும், மூன்றே மாதத்தில் நிறுத்தச் சொல்வதும்.

இன்னொரு தவறு அதிகம் பேசப்படுவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோயும் வருவது சகஜம். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின், மெத்தடோனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும், எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸும் அப்படித்தான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் சில நாட்களில் வியர்த்து, தூக்கமில்லாமல் வந்து நின்று "டோஸ் போதவில்லை" என்பார். "போதைக்காக நடிக்கிறார்" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அவர் காசநோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசிக்கே திரும்புவார். மாத்திரைப் பட்டியலை ஒருமுறை பார்த்து டோஸைக் கூட்டியிருந்தால் போதும். ரிஃபாம்பிசின் முடிந்ததும் அந்த டோஸைக் கவனமாகக் குறைக்கவும் மறக்கக் கூடாது.

பரிசோதனையில் அவசரம், தடுப்பு மருந்தில் தாமதம். இது தலைகீழாக இருக்க வேண்டும். ஊசியைப் பகிர்ந்த மறு வாரமே நெகட்டிவ் வந்தால் நிம்மதியடைய முடியாது. தொற்று இல்லை என்று உறுதியாகச் சொல்ல, ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு (கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது) 45 நாட்கள், விரல்நுனி ரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனைக்கு 90 நாட்கள்வரை காத்திருக்க வேண்டும். ஊசியைப் பகிர்ந்த பிறகு தொற்றைத் தடுக்கத் தரும் மருந்தையோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். அது வேலையில் தவறுதலாகத் தன் கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்கு மட்டுமான மருந்து அல்ல.

போதையை நிறுத்தினால்தான் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) என்பதும் தவறு, பழக்கம் தொடரும்போதே தொடங்கலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவில் பரவாது என்பது உறுதியானது. அதை நம்பி ஊசியைப் பகிரலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த உறுதி ஊசிக்குப் பொருந்தாது.

சிகிச்சைக்கு நடுவே சிறுநீர்ச் சோதனையில் போதை தெரிந்தால் "இனி வராதே" என்று அனுப்பும் மையங்கள் இருக்கின்றன. சர்க்கரை ஏறிவிட்டது என்று யாரையும் இப்படி விரட்டுவதில்லை. டோஸ் போதுமா, என்ன நடந்தது என்று கேட்டு, கையில் புது ஊசிகளைக் கொடுத்து, அடுத்து வரவேண்டிய தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் அது.