கழக வீரர் ஒருவர் பேஸ்புக்கில் இழிவாக எழுதிவிட்டால் என்ன செய்வது

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் மலையகத்து ஹற்றன் பக்கமிருந்து வந்த அணியிடம் சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றோம். அன்று இரவு பத்தேகாலுக்கு எங்கள் முன்கள வீரர் பேஸ்புக்கில் ஒரு வரி போட்டார். கொழும்பில் சம்பளத்துக்கு விளையாடுகிறவர். ஊருக்கு வந்தால் சின்னப் பெடியள் சைக்கிளில் அவருக்குப் பின்னால் போவார்கள். வென்ற அணியை அவர் 'தோட்டக்காட்டான்கள்' என்று எழுதியிருந்தார். மலையகத் தோட்டத் தமிழரை இழிவாகச் சொல்கிற சொல் அது. விடிவதற்குள் இருநூறுக்கு மேல் சிரிப்பு முகங்கள். அவற்றில் இரண்டு எங்கள் நிர்வாக சபையைச் சேர்ந்தவர்களுடையவை.

நான் அவருக்கு அழைத்து, "தம்பி, அதை உடன எடு" என்றேன். எடுத்தார். விசயம் முடிந்தது என்று படுத்துவிட்டேன். அது பிழை. அந்தப் பிழையிலிருந்தும் அதற்குப் பிறகு பட்டதிலிருந்தும்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கழகத்துக்கும் ஒரு நாள் இது வரும். வரும்போது கையில் ஏதாவது இருக்கட்டும்.

முதலில், அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பதிவு மட்டும் போதாது. திகதியும் நேரமும் தெரிய வேண்டும், கீழே வந்த கருத்துகளும் வேண்டும். அதைச் செயலாளரும் இன்னொருவரும் மட்டும் வைத்திருங்கள். கழக வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அங்கே போட்டால் அரை மணித்தியாலத்தில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விடும். பிறகு விசாரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது, சண்டைதான் மிஞ்சும். எங்களிடம் படம் இருக்கவில்லை. அதனால் கூட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். "அப்படி எழுதேல்லை, தோட்டத்துப் பெடியள் எண்டுதான் எழுதினவன்" என்று ஒருவர் சத்தியமே பண்ணினார்.

அடுத்தது, அந்தச் சொல் யாரைக் குத்துகிறதோ அவர்கள் காதில் அது எப்படி விழுகிறது என்று கேளுங்கள். எழுதியவருக்கு அது பகிடியாக இருந்திருக்கலாம். 2020 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட் வீரர் எடின்சன் கவானி இன்ஸ்டாகிராமில் ஒரு நண்பருக்கு நன்றி சொல்லும்போது 'நெக்ரிற்றோ' என்று எழுதினார். ஸ்பானிய மொழியில் கறுப்பன் என்ற மாதிரி. அவருடைய உருகுவேயில் அது செல்லச்சொல். இங்கிலாந்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று போட்டித் தடையும் ஒரு லட்சம் பவுண்ட் அபராதமும் விதித்தார்கள். உருகுவேயில் பலர் கோபப்பட்டார்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய விசயம்தான்.

எங்களுக்குக் கிட்டிய கதை இலங்கைக் கிரிக்கெட் வீரர் திசர பெரேராவுடையது. ஐ.பி.எல்.இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடிய காலத்தில் தன்னையும் திசரவையும் 'காலு', அதாவது ஹிந்தியில் கறுப்பன், என்று கூப்பிட்டார்கள் என 2020 ஜூனில் மேற்கிந்தியத் தீவுகள் வீரர் டரன் சமி சொன்னார். பலசாலி என்ற அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவர் அப்போது நினைத்திருந்தாராம். அதற்குப் பிறகு அதே அணியில் ஆடிய இந்திய வீரர் இஷாந்த் சர்மா 2014இல் போட்ட இன்ஸ்டாகிராம் படம் ஒன்று வெளியே வந்தது. அதிலும் அந்தச் சொல் இருந்தது. 2020 கடைசியில் லங்கா பிறீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் கிண்ணம் வென்றபோது தலைவராக நின்றவர் இந்தத் திசரதான். எங்கள் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டு வென்ற ஒருவரை நிறத்தால் கூப்பிட்டார்கள் என்று எங்கள் பெடியள் கொதித்தார்கள். அதே பெடியள் மைதானத்தில் ஒருவரையொருவர் 'கறுவல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை நான் அவர்களிடம் நேரே சொல்லியிருக்கிறேன்.

'தோட்டக்காட்டான்' அதைவிடப் பாரமான சொல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது அது. எங்களுக்கு நடந்த அநியாயத்தை ஜெனிவா வரைக்கும் போய்ச் சொல்கிற நாங்கள், பக்கத்து மலையிலிருந்து பஸ் ஏறி வந்த தமிழ்ப் பெடியனுக்கு அதைச் சொல்லலாமா? இது எனக்குச் சின்ன விசயமாகப் படவில்லை.

அதனால், அறிக்கை எழுத முன் பாதிக்கப்பட்டவருக்கு ஃபோன் எடுங்கள். நிறையக் கழகங்கள் விடுகிற இடம் இது. பேஸ்புக்கில் 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று ஒன்றைப் போட்டுவிட்டு, புண்பட்டவர் யார் என்றே தேடமாட்டார்கள். நான் மூன்றாம் நாள்தான் அவர்களுடைய கோல் காப்பாளருக்கு எடுத்தேன். வயது பத்தொன்பது. நான் பேசி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பரவால்ல அண்ணே. அந்த வார்த்தைய எங்க அம்மாவையும் சொல்லியிருக்காங்க, கொழும்புல வீட்டு வேலைக்கு நின்னப்ப" என்றார். பின்னால் யாரோ விறகு கொத்துகிற சத்தம் கேட்டது. நான் வைத்திருந்த கடதாசியில் எழுதியிருந்த எதையும் அதற்குப் பிறகு வாசிக்க முடியவில்லை. "என்ன செய்தால் சரி வரும் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டேன். எழுதியவர் தனக்கு அல்ல, தங்கள் அணித் தலைவருக்கு நேரே பேச வேண்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

இனித் தீர்ப்பு. இங்கேதான் இரண்டு அளவுகோல் வரும். தெரியாமலே வரும்.

நான் இப்போது செய்கிற முறை இது. பதிவை ஒரு ஏ-ஃபோர் தாளில் கையால் எழுதுவேன், எழுதியவர் பெயர் இல்லாமல். இலக்கான அணியின் பெயர் இருக்கிற இடத்தில் எங்கள் கழகத்தின் பெயரைப் போடுவேன். சபையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒவ்வொரு பிரதி, ஒவ்வொரு பேனை. "இதை எழுதின ஆளுக்கு எத்தனை போட்டி?" என்று மட்டும் கேள்வி. கதைக்கக் கூடாது, எழுதி மடித்துத் தர வேண்டும். முதல் தடவை கழகக் கொட்டிலில் கரம் போர்ட்டுக்கு மேல் வைத்து மடித்த துண்டுகளை விரித்தோம். ஆறு, ஆறு, பத்து, நாலு, ஆறு, ஒரு வருடம், எட்டு. அதற்குப் பிறகுதான் எங்கள் முன்கள வீரரின் பெயரைச் சொன்னேன். ஒரு வருடம் என்று எழுதியவர் எழும்பி, "அவன் இல்லாமல் அடுத்த சுற்றுப்போட்டிக்கு என்னெண்டு போறது?" என்று கேட்டார். தன் கையெழுத்து மேசையில் கிடப்பதைப் பார்த்ததும் இருந்துவிட்டார்.

பெயரைச் சொன்ன பிறகு யாராவது தொகையை மாற்ற விரும்பினால் மாற்றலாம். ஆனால் காரணத்தை எழுத வேண்டும், அந்தக் காரணம் ரிசேர்வில் இருக்கிற பெடியனுக்கும் பொருந்த வேண்டும். வயது ஒரு காரணம். எத்தனை வருடம் பழையது என்பது காரணம். முதல் தடவையா, கேட்க முன்னமே மன்னிப்புக் கேட்டாரா, தனி ஆளைக் குத்தினாரா ஒரு சமூகத்தையே குத்தினாரா, எல்லாம் காரணங்கள்தான். அடித்த கோல் காரணம் இல்லை. அவருடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஜேர்சிக்குக் காசு அனுப்புவதும் காரணம் இல்லை.

பெரிய இடங்களிலேயே இது தடுமாறுகிறது. 2021 ஜூனில் லோட்ஸ் மைதானத்தில் ஒலி ரொபின்சன் இங்கிலாந்துக்காக முதல் ரெஸ்ற் ஆடிய அன்றே, 2012, 2013இல் அவர் எழுதிய இனவாத, பெண்களை இழிவுபடுத்தும் ட்வீட்டுகள் வெளியே வந்தன. அந்தப் போட்டியில் ஏழு விக்கெட் எடுத்தார், இருந்தும் இடைநிறுத்தினார்கள். பிறகு எட்டுப் போட்டித் தடை, அதில் ஐந்து ஒத்திவைப்பு, 3,200 பவுண்ட் அபராதம். அதே நாட்களில் ஒயின் மோர்கனும் ஜோஸ் பட்லரும் இந்தியர்களின் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்வதுபோல் எழுதிய பழைய பதிவுகளும் கிளம்பின. அவர்களை ரொபின்சன் போல் இடைநிறுத்தவில்லை. அந்த மாதமே இலங்கைக்கு எதிரான ரி-20 தொடரில் மோர்கன்தான் தலைவர். இரண்டும் ஒரே எடையான குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரொபின்சன் எழுதியது மோசமானது. ஆனால் ஒருவர் புதியவர், மற்றவர்கள் உலகக் கிண்ணம் வென்றவர்கள் என்பதுதான் பார்க்கிறவர் கண்ணில் படும். வித்தியாசம் நியாயமானதென்றால் அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஊர் தானாக ஒரு காரணத்தைச் சொல்லும்.

பாதிக்கப்பட்டவரே இன்னொரு இடத்தில் எழுதியவராக இருக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தின் இனவாதத்தை வெளியே கொண்டுவந்த அதன் முன்னாள் வீரர் அஸீம் ரபீக், 2021 நவம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இரண்டு நாளில், 2011இல் அவர் யூதர்களை இழிவுபடுத்தி எழுதிய செய்திகள் வெளியாகின. அவர் மழுப்பவில்லை, வெட்கப்படுகிறேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் எழுதியது பிழை. அவருக்கு நடந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க விடாதீர்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர், "அவங்கட பெடியன் ஒருத்தனும் போன வருசம் எங்களைப் பற்றி எழுதினவன்" என்று ஒரு படத்தைக் காட்டினார். சரி, அதற்கும் அவர்களிடம் கடிதம் கொடுப்போம் என்று தனியாகக் குறித்துக்கொண்டு இதற்குத் திரும்பினோம்.

தண்டனை அட்டவணையை ஆட்டக் காலம் தொடங்க முன் எழுதி, வீரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்களுடையது ஒரு பக்கம்தான். சாதி, ஊர், மதம், நிறம், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய இழிசொல்லுக்கு ஆறு போட்டிகள். இரண்டாம் தடவை என்றால் அந்த வருடம் முழுக்க. சிரிப்பு முகம் போட்டவருக்கும் பகிர்ந்தவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். நிர்வாக சபைக்கு இரட்டிப்பு.

கடைசி வரியை விடாதீர்கள். 2017இல் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் கொழுத்துப்போய்விட்டார்கள் என்று விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த தயாசிறி ஜயசேகர பகிரங்கமாக விமர்சித்தார். கிளிக்கூட்டைப் பற்றிக் குரங்குக்கு என்ன தெரியும் என்ற மாதிரி லசித் மாலிங்க பதில் சொன்னார். மாலிங்கவுக்கு ஒத்திவைத்த ஒரு வருடத் தடையும் அடுத்த போட்டிக் கட்டணத்தில் பாதி அபராதமும் வந்தன. அமைச்சருக்கு எந்தக் குழுவும் தண்டனை கொடுக்கவில்லை. மேலே இருக்கிறவர் பேசினால் கருத்து, கீழே இருக்கிறவர் பேசினால் ஒழுக்கக்கேடு என்று வீரர்கள் நினைத்துவிட்டால் உங்கள் அட்டவணையை யாரும் மதிக்கமாட்டார்கள். எங்கள் சபையில் சிரிப்பு முகம் போட்ட இருவரும் மூன்று மாதம் விலகியிருந்தார்கள். ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மன்னிப்பை வீரரே எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது தெரியும். எங்கள் தம்பி முதலில் எழுதியது, 'தோல்வியின் கோபத்தில் தவறுதலாக வந்த சொல்'. நான் கேட்டேன், "யாழ்ப்பாணத்து அணியிட்டத் தோத்திருந்தா அந்தச் சொல் வந்திருக்குமோ?" கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுதியதில் அந்தக் கோபம் இல்லை. என்ன சொல்லை எழுதினேன், யாரை எழுதினேன், அது ஏன் பிழை, இனி என்ன செய்வேன். நாலு வரி. அதை அணித் தலைவருக்கு அழைத்து வாசித்துவிட்டு, பழைய பதிவு இருந்த அதே பக்கத்தில் போட்டார்.

அந்த நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள். போலிக் கணக்குகளிலிருந்து அவருடைய தாயைத் திட்டி எழுதினார்கள், தங்கைச்சியின் படத்தை எடுத்துப் போட்டார்கள். அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து முறைப்பாடு செய்தோம். இழிசொல்லுக்குத் தண்டனை கொடுக்கிற கழகம் தன் வீரர் மேல் விழுகிற இழிசொல்லையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தடைக் காலத்தில் அவர் பயிற்சிக்கு வரட்டும். எங்கள் தம்பி ஆறு கிழமை பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பந்து பழக்கினார்.

பழைய பதிவுகளைப் பற்றியும் ஒரு சொல். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஒப்பந்தம் கிடைக்கப்போகிற பெடியன் என்றால், போக முன் ஒரு பின்னேரம் அவரோடு இருந்து பேஸ்புக்கில் பின்னோக்கிப் போங்கள். பதினாறு வயதில் எழுதியதெல்லாம் அங்கே கிடக்கும். மறைப்பதற்கு இல்லை; ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதை இப்ப எழுதுவியோ?" என்று கேட்பதற்கு. எழுதமாட்டேன் என்கிறவற்றை அவரே எடுக்கட்டும், பிறகு யாராவது படம் காட்டினால் ஓம், அது நான்தான் என்று சொல்லவும் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், அடுத்த வருட அழைப்பு. அந்த அணிக்குக் கட்டாயம் அனுப்புங்கள், மற்றவர்களுக்கு முந்தி. நாங்கள் ஒரு மாதம் முன்னதாக அனுப்பினோம். அவர்களில் பாதிப் பேருக்கு நாட்சம்பளம். இரண்டு நாள் வராவிட்டால் கூலி போகும். அதனால் வான் செலவைக் கழகம் ஏற்கும் என்று கடிதத்திலேயே எழுதினோம். சனி விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டு வந்தார்கள். அந்தக் கோல் காப்பாளர் வானால் இறங்கியதும், எங்கள் தம்பி போய் அவருடைய பையை வாங்கினார்.